மலர் பொய் சொல்லுமா?

பொய் சொல்வதற்கு வாய் வேண்டுமா? இக்கேள்வி விளையாட்டாகத் தோன்றலாம். ஆனால், ஒரு குறிப்பிட்ட பூவைப் பற்றித் தாவரவியலார் எழுதியுள்ளவற்றைப் படிக்கும்போது, அவர்கள் கையாளும் சொற்கள் நீதிமன்றக் குற்றப் பத்திரிகையையே நினைவூட்டுகின்றன. ஏமாற்று, வஞ்சனை, போலி, மோசடி என்று சிறிதும் தயக்கமின்றி அவர்கள் எழுதுகிறார்கள். மாசின்மைக்கு மலரை உவமை சொல்லிப் பழகிய நமக்கு இது அதிர்ச்சியாகவே இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டிருப்பது ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த 'ஓஃப்ரிஸ்' என்னும் பேரினம்.

ஆர்க்கிட் என்றதும் மரக்கிளையைப் பற்றித் தொங்கும் பகட்டான மலர்க்கொத்தே நம் நினைவுக்கு வரும். ஓஃப்ரிஸ் அத்தகையதன்று. அது தரையில், கிழங்கிலிருந்து முளைத்து எழும் சிறு செடி. கானரித் தீவுகள் தொடங்கி மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும், வடக்கே ஐரோப்பாவிலும், கிழக்கே காஸ்பியன் கடலை நோக்கியும் பரவியிருக்கிறது. கிரேக்க மொழியில் அப்பெயருக்குப் 'புருவம்' என்று பொருள். ஆர்க்கிட் பூக்களில் ஓரிதழ் மட்டும் மற்றவற்றினின்று வேறுபட்டு உதடுபோல் முன்னே நீண்டிருக்கும். ஓஃப்ரிஸில் அந்த உதட்டிதழ் தடித்து, கருமையோ பழுப்போ ஏறி, மென்மயிர் படர்ந்து, நடுவே பளபளக்கும் திட்டு ஒன்றைத் தாங்கி, பூவின்மேல் ஒரு பூச்சி வந்து அமர்ந்திருப்பதாகவே தோன்றச் செய்யும். 1753ஆம் ஆண்டு லின்னேயஸ் தம் பெருநூலில் ஈயை ஒத்ததையும் தேனீயை ஒத்ததையும் வெவ்வேறு வகைகளாகக் குறித்தபோதிலும், 'பூச்சி தாங்கி' என்று பொருள்படும் ஒரே சிற்றினப் பெயரின்கீழ் அவற்றை அடக்கிவிட்டார். இத்தோற்றத்தின் பயன் என்ன என்பது நெடுங்காலம் விளங்கவில்லை.

விளங்காததற்குக் காரணம், அதை நம்ப அறிஞர்களே விரும்பாமைதான் எனலாம். ஆர்க்கிட் மலர்கள் சிலவற்றில் தேனே இல்லை என்பதையும், இருப்பதுபோல் காட்டிப் பூச்சிகளை அவை வரவழைக்கின்றன என்பதையும் ஜெர்மானியரான ஸ்ப்ரெங்கல் 1793இலேயே எழுதினார். ஆர்க்கிட் மலர்களின் மகரந்தச் சேர்க்கையைப் பற்றி 1862இல் நூல் வெளியிட்ட டார்வினுக்கோ அதை ஏற்க மனம் வரவில்லை. அத்தனை பெரிய மோசடிக்குப் பூச்சிகள் தலைமுறை தலைமுறையாக இரையாகிக்கொண்டிருக்கும் என்பது அவருக்கு நம்பத்தகாததாய்ப் பட்டது. பூச்சிகளின் அறிவில் அவர் வைத்திருந்த மதிப்பு அவ்வளவு உயர்ந்தது!

உண்மையைக் கண்டவர் தாவரவியலைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். அவர் ஒரு நீதிபதி. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவில் நீதி வழங்கிவந்த பூயான் என்பவர், ஓய்வு வேளைகளில் காட்டுவெளியில் அமர்ந்து 'கண்ணாடி ஓஃப்ரிஸ்' எனப்படும் பூவைப் பல ஆண்டுகள் கூர்ந்து நோக்கினார். நீலமாக மின்னும் உதட்டையும் அதைச் சுற்றிச் செம்பழுப்பு மயிரையும் கொண்டது அப்பூ. ஒரே வகைக் குளவி மட்டும் அதனை நாடி வந்தது. வந்தவையோ எல்லாம் ஆண்கள். அவை தேன் தேடவில்லை, பெண் குளவியைக் கூடுவதுபோல் உதட்டிதழைத் தழுவின. அத்தழுவலின்போது மகரந்தத் திரள்கள் அவற்றின் தலையில் ஒட்டிக்கொள்ள, அடுத்த பூவிலும் ஏமாறி அங்கே அதைச் சேர்த்தன. அக்குளவி இனத்தில் ஆண்கள் முதலில் வெளிப்படும். பெண்கள் வெளிவரச் சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் பூவுக்கு நல்ல வாய்ப்பு. ஜெனீவாவைச் சேர்ந்த தோட்டக்கலை அறிஞர் கொர்ரவோனுடன் இணைந்து 1916இல் பூயான் இதனை வெளியிட்டார். ஆஸ்திரேலியாவில் வேறொரு பேரின ஆர்க்கிட்டும் ஆண் குளவிகளை இவ்வாறே மயக்குவதை ஈடித் கோல்மன் என்ற பெண்மணி 1927இல் எழுதியபிறகு ஐயம் வெகுவாகக் குறைந்தது.

கண்ணுக்குத் தெரியும் உருவத்தைவிட மணமே இங்குப் பெரிது என்பது பின்னர் தெளிவாயிற்று. சிலந்தி ஓஃப்ரிஸ் எனப்படும் மலரை ஆராய்ந்து 1999இல் வெளியான கட்டுரை ஒன்று, அதன் மணம் ஒரு பெண் தேனீயின் மேனி மணத்தோடு பொருந்துவதைக் காட்டியது. வியப்பு என்னவெனில், அம்மணத்தை ஆக்கும் பொருள்கள் அரியவை அல்ல. இலையும் இதழும் உலர்ந்துபோகாமல் காக்கும் சாதாரண மெழுகுப் பூச்சில் உள்ளவையே அவை. அன்றாடச் சொற்களை அளவறிந்து அடுக்கியே ஒருவர் பெரிய பொய்யைக் கட்டிவிடுவது போன்றது இது. இன்னும் ஒன்று: மகரந்தம் பெற்ற மலர் தன் மணத்தை மாற்றிக்கொள்கிறது. கருவுற்ற பெண் தேனீ ஆணை விலக்குவதற்கு வெளியிடும் பொருளையே அது மிகுதியாக வெளியிட, அடுத்து வரும் ஆண் தேனீ அதே தண்டில் உள்ள வேறு பூவை நாடுகிறது. இதைப் படித்தபின், 'திட்டம்' என்ற சொல்லை நாவில் வராமல் தடுப்பது எளிதன்று.

ஆயினும் தடுத்தே ஆகவேண்டும். ஏனெனில், பூயான் குளவிகளைக் கண்ட அதே அல்ஜீரிய மண்ணில், அவருக்குப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன், பொய் என்றால் என்ன என்று ஆராய்ந்தவர் புனித அகுஸ்தினார். ஏறத்தாழ கி.பி. 395இல் அவர் எழுதிய சிறு நூலில், பொய்யின் உயிர்நிலையைச் சொல்லில் வைக்காமல் உள்ளத்தில் வைக்கிறார். பிழையான செய்தியை உண்மையென்று நம்பிச் சொல்பவன் பொய்யன் அல்லன். உண்மையையே, பொய்யென எண்ணிக்கொண்டு, பிறரை ஏய்க்கச் சொல்பவன் பொய்யனே. உள்ளத்தில் ஒன்றும் உதட்டில் ஒன்றுமாக இரண்டு இருக்க வேண்டும். ஓஃப்ரிஸிடம் உதடு மட்டுமே உண்டு. வள்ளுவரோ தீமை விளைவிக்காத சொல்லே வாய்மை என்று வேறொரு அளவுகோல் தருகிறார். அவரும் பேசுவது சொல்லுதலைப் பற்றியே. சொல்லாத பூ இவ்விருவரின் மன்றத்திலும் குற்றவாளிக் கூண்டில் ஏறாது. குளவி ஏமாறுகிறது என்பது மெய். ஆனால், ஏமாறுபவர் இருக்குமிடத்திலெல்லாம் ஏமாற்றுபவர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதில்லை. கானல் நீரைக் கண்டு ஓடும் மான் ஏமாறுகிறது. அங்கே யார்மீது வழக்குத் தொடுப்பது?

இதனை நாம் இவ்வளவு வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. இயற்கையைத் தம் தரப்புச் சாட்சியாக அழைப்பவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். "பச்சோந்தி நிறம் மாறவில்லையா, பூவே வேடம் போடவில்லையா, பிழைக்கத் தெரிந்தவன் அப்படித்தான் இருப்பான்" என்று வாணிகத்திலும் அரசியலிலும் பேசக் கேட்கிறோம். இப்படிப் பேசுகிறவர் தம்மையறியாமலே ஒன்றை ஒப்புக்கொள்கிறார். முன்மாதிரி தேடுகிறவனுக்கு வேறு வழியும் இருந்தது என்றுதானே பொருள்? பூ எந்தக் காலத்திலும் தனக்குச் சாக்குத் தேடியதில்லை.

ஆனால், பூவை விடுவித்த அதே தீர்ப்பு நம்மை விடுவிக்காது. "நான் வாய்திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லையே" என்பது மனச்சான்றைத் தூங்கவைக்க நாம் அறிந்த பழைய தாலாட்டு. நிலம் விற்பவர் ஒருவர், வாங்க வந்தவரை ஐப்பசி மழைக்குப் பின் அழைத்துச் சென்று நிரம்பித் ததும்பும் கிணற்றைக் காட்டுகிறார். கோடையில் அக்கிணறு வறண்டுபோவது அவருக்குத் தெரியும். அவர் கேட்கப்படவில்லை, சொல்லவுமில்லை. காலத்தை மட்டும் தேர்ந்துகொண்டார், பெண் குளவிகள் வெளிவருமுன் பூக்கும் மலரைப்போல. பெண்பார்க்கும் படலத்தில் மறைக்கப்படும் நோய், மேலடுக்கில் மட்டும் நல்ல பழம் வைத்த கூடை, எல்லாம் இந்த இனமே. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு திருமணம் செய்துவைக்கலாம் என்னும் பழமொழியாவது பொய்யைப் பொய் என்று ஒப்புக்கொள்கிறது. பேசாத பொய்க்கு அந்த நேர்மையும் இல்லை. வஞ்சிக்கச் சொல்லே தேவையில்லை என்பதை ஓஃப்ரிஸ் ஐயமறக் காட்டிவிட்டது. அதே சொல்லில்லா வழியில் மனிதன் நடக்கும்போது, பூவிடம் இல்லாத உள்ளம் அவனோடு கூடவே நடக்கிறது.

இனி வகைப்பாட்டுக்கு வருவோம். இங்கே அறிஞர்கள் பட்ட பாடு சுவையானது. ஓஃப்ரிஸ் பேரினத்தில் எத்தனை சிற்றினங்கள் உண்டு? பெல்ஜிய நாட்டவரான டெல்ஃபோர்ஜ் 2006இல் 250க்கும் மேல் என்றார். டென்மார்க்கைச் சேர்ந்த இருவர் அடுத்த ஆண்டே 19 போதும் என்றனர். மரபணுக்களை விரிவாக ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வோ 9 குழுக்களையே தெளிவாகப் பிரித்துக் காண முடிவதாகச் சொல்கிறது. பூ ஒன்றுதான், எண்ணுகிறவர்களின் கண் வேறு. ஒவ்வொரு பூவும் எந்தத் தேனீயை மயக்குகிறதோ அதைக் கொண்டே அதன் இனத்தை முடிவு செய்வது பிரிப்பவர்களின் வழக்கம். மணம் சற்றே மாறினால் வேறு தேனீ வரும். வேறு தேனீ வந்தால் மகரந்தம் கலவாது. கலவாதது தனி இனம். சுருங்கச் சொன்னால், ஏமாறுபவனைக் கொண்டு ஏமாற்றுபவனுக்குப் பெயரிடுகிறார்கள். இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. ஒரு பூவில் ஏமாந்த ஆண் தேனீ அந்தப் பூவின் மணத்தை நினைவில் வைத்து மீண்டும் அதனிடம் வருவதைத் தவிர்க்கிறது. ஆகவே ஒவ்வொரு பூவும் மற்றதினின்று சிறிது வேறுபட்டு மணப்பது செடிக்கு ஆதாயம். அந்த வேறுபாடுகளே மிகுந்து, பெயர் சூட்ட வந்தவர்களையும் திணறடிக்கின்றன. தேனீக்கு வைத்த பொறியில் தாவரவியலாரும் விழுந்தார்கள் என்று சொன்னால் மிகையாகாது!

பொய்களை எண்ணியவர்களிடமும் இதே வேறுபாட்டைக் காண்கிறோம். அகுஸ்தினார் பொய்களை எட்டு வகையாகப் பிரித்தார். எட்டும் தவறே, ஆயினும் பாரம் ஒன்றல்ல என்றார். புனித தோமா அக்குவினாஸ் அவற்றைக் கேலிப் பொய், உதவிப் பொய், தீங்குப் பொய் என மூன்றில் அடக்கிக் காட்டினார். மூன்று நினைவில் நிற்கும். எட்டு, வீட்டின் மூலைமுடுக்குகளில் தேட வைக்கும். ஓஃப்ரிஸ் விஷயத்தில் 9 என்பதே உண்மைக்கு நெருங்கியது என நமக்குத் தோன்றுகிறது. எனினும் 250 பெயர் தந்தவர்களை நாம் எள்ளமாட்டோம். ஒரு தீவின் ஒரு சரிவில் மட்டும் இரு வாரம் முந்திப் பூக்கும் செடியைக் காண அவர்கள் கால்கடுக்க நடந்தார்கள். பெயர் பெற்றதால் காவல் பெற்ற செடிகளும் உண்டு.

இவற்றுள் தேனீ ஓஃப்ரிஸ் ஒன்றைமட்டும் தனியே குறிப்பிட வேண்டும். 1762இல் ஹட்சன் அதற்குத் தனிச் சிற்றினப் பெயர் தந்தார். தெற்கே அதனிடம் எப்போதாவது தேனீக்கள் வருவதுண்டு. இங்கிலாந்திலோ அது தன்மகரந்தச் சேர்க்கையாலேயே காய்க்கிறது. பூ விரிந்த சிறிது நேரத்தில் மகரந்தத் திரள்களின் மெல்லிய காம்புகள் தாமே வளைந்து தொங்க, காற்றசைவில் அவை சூல்முடியைத் தொட்டுவிடுகின்றன. பூச்சிக்கென அமைந்த உறுப்புகளை முழுமையாக வைத்துக்கொண்டு இச்செடி ஏன் இப்படிச் செய்கிறது என்பது டார்வினை வாழ்நாளெல்லாம் குழப்பியது. ஏமாற்ற எவருமில்லாத அந்தச் சுண்ணாம்பு மண் மேடுகளில், ஜூன் மாதந்தோறும், அது தேனீயின் உருவத்தை ஒரு மயிரும் குறையாமல் தாங்கிப் பூத்துக்கொண்டிருக்கிறது.