ஆகார நியமமும் மலைவாழ் அடியார்களும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

முதலாழ்வார்கள் மூவரையும் எம்பெருமான் இடைகழியில் நெருக்கியருளிய திருக்கோவலூர், 2019 நவம்பரில் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இன்று அமைந்துள்ளது. கல்வராயன் மலையும் அதே மாவட்டத்தில்தான். ஆயனாரைச் சேவித்தபின் மலைக்கும் சென்று திரும்பிய ஒரு கோஷ்டியார் அடியேனுக்கு எழுதிக் கேட்டிருந்தார்கள்: "மலையில் திருநாமம் தரித்த முதியவர்களைக் கண்டோம். கரியராமன் என்று சொல்லிப் பெருமாளை வணங்குகிறார்கள். ஆனால் ஆடும் கோழியும் அவர்கள் உணவில் உண்டு. இவர்களைப் பாகவதர்கள் என்று கொள்வது எங்ஙனே?"

கேள்வி உணவைப் பற்றியது போலத் தோன்றுகிறது. ஆனால் கேட்டவர்கள் நெஞ்சில் இருப்பது, யார் மேல், யார் கீழ் என்ற கணக்கு. ஆகையால் நம் நியமம் எதன்பொருட்டு ஏற்பட்டது என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், இடையறாத பகவத் த்யானத்துக்கு உறுப்பாக ஏழு ஸாதனங்களை எடுத்துக்காட்டுகிறார். அவற்றுள் முதலாவது விவேகம். நாம் விவேகம் என்றால் அறிவுக்கூர்மை என்று எண்ணுவோம்; அங்கு அதன் பொருள் உணவைப் பகுத்தறிதல். இயற்கையிலேயே விலக்கத்தக்க பொருள், உடையவரால் கெட்ட பொருள், முடி, எச்சில் முதலியவை பட்டுக் கெட்ட பொருள் என்று ஜாதி, ஆச்ரயம், நிமித்தம் ஆகிய மூவகைக் குற்றங்களும் நீங்கிய அன்னத்தால் உடல் தூய்மையடைவதே விவேகம். ஆகாரம் தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும், அதனால் நினைவு நிலைபெறும் என்று சாந்தோக்யம் கூறுவதே இதற்கு அடிப்படை. எந்த நினைவு? எம்பெருமானைப் பற்றிய நினைவு. நியமத்தின் பயன் அதுவே. அது பதக்கமும் அன்று, மருந்துச்சீட்டும் அன்று.

மருந்துச்சீட்டு என்றதற்குக் காரணம் உண்டு. மரக்கறி உணவின் மேன்மையை (உலக வழக்கில் 'சைவம்' என்பார்கள், நம் பத்திரிகையில் அச்சொல் சற்று வேடிக்கையாக இருக்கும்) உடல்நலத்தைக் காட்டியே நிறுவ இன்று பலர் முற்படுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015 அக்டோபரில், பதப்படுத்திய இறைச்சி புற்றுநோயை உண்டாக்கும் என்றும், ஆடு, மாடு முதலியவற்றின் செவ்விறைச்சி உண்டாக்கக்கூடும் என்றும் வகைப்படுத்தியது உண்மை. மறுபக்கமும் உண்மை. பி12 வைட்டமின் தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. பாலும் தயிரும் இல்லாவிடில் நம்மவர் மாத்திரையை நாடவேண்டியதுதான். பருப்பைச் சுருக்கி வெள்ளரிசியைப் பெருக்கி, நெய் ஒழுகும் பொங்கலையும் வடையையும் நாள்தோறும் ப்ரஸாதம் என்ற பெயரில் மிகுதியாக உட்கொண்டு, சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர்கள் நம் கோஷ்டிகளில் எத்தனை பேர்! மலையிலோ சாமையும் கேழ்வரகும் விளைகின்றன. சாமைச் சோறு உண்டு, திருவிழா நாளில் மட்டும் இறைச்சி சமைப்பவரை நோக்கி, உம் உணவு நோய் தரும் என்று நாம் சொல்லப் புகுந்தால் அது எடுபடாது. உடல்நலத்தைத் தூணாக நிறுத்தினால் வேறொரு இடரும் உண்டு: நாளை ஓர் ஆராய்ச்சி மாறிச் சொன்னால், நியமமும் அதனோடு சாயும்.

ஹிம்ஸை என்னும் காரணம் அப்படிச் சாய்வதன்று. எல்லா ஆத்மாக்களும் எம்பெருமானுக்கு சரீரம் என்பது நம் ஸித்தாந்தத்தின் உயிர்நிலை. நாவின் சுவைக்காக ஓர் உயிரை மாய்ப்பதில் அவன் திருவுள்ளம் உகக்காது. இதில் அடியேனுக்கு ஐயமில்லை. ஆனால் இந்தக் கணக்கை எழுதத் தொடங்கினால், நம் பக்கத்துப் பற்று வரவையும் எழுதவேண்டும். மஹாபாரதத்தின் வனபர்வத்தில், மிதிலையில் இறைச்சி விற்ற தர்மவ்யாதன், தவத்தால் செருக்குற்ற கௌசிகன் என்னும் அந்தணனுக்குத் தர்மம் உபதேசிக்கிறான். அவன் இறைச்சி உண்ணாதவன். அவனே, ஏர் உழும்போது மண்ணுக்குள் எத்தனை உயிர்கள் மடிகின்றன என்று எடுத்துச்சொல்கிறான். நம் அக்காரவடிசிலுக்குப் பால் கறந்த பசுவின் காளைக்கன்று பின்பு எங்கே போகிறது என்று நாம் கேட்பதில்லை.

அடியேன் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் பணிபுரிந்தவன். 1980களில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தின்கீழ் ஆட்டுக் கடன்கள் பல வழங்கினோம். பெட்டை ஆடுகள் சில, கிடா ஒன்று என்பது ஓர் அலகு. குட்டிகளைக் கசாப்புக்கு விற்றுத்தான் தவணை கட்டுவார்கள் என்பது கடன் விண்ணப்பத்திலேயே விளங்கும். அந்த வட்டியும் சேர்ந்ததே வங்கியின் வருமானம். அதிலிருந்து வந்ததே எங்கள் ஊதியம். அதில் வாங்கிய அரிசியே திருவாராதனத்தில் தளிகையாயிற்று. ஏழைக் குடும்பங்கள் அந்த ஆடுகளால் பிழைத்தன. அதைக் குற்றம் என்று அடியேன் கருதவில்லை. வெங்காயத்தையும் பூண்டையும் விலக்கியதோடு ஆகார சுத்தி நிறைவேறிவிட்டது என்று மார்தட்டுவதற்கு இடமில்லை என்பதற்கே சொன்னேன். கையூட்டுப் பணத்தில் வாங்கிய நெய்யை ஆச்ரய தோஷம் என்று தள்ளுபவர் எத்தனை பேர்?

மேலும், நம்மில் பலருக்கு இந்த நியமம் பிறந்த வீட்டில் கிடைத்தது. அதற்கு நாம் விலை கொடுக்கவில்லை. புரட்டாசி பிறந்தால் கள்ளக்குறிச்சி உள்ளிட்ட தமிழகம் எங்கும் இறைச்சிக் கடைகளில் கூட்டம் குறைகிறது. உண்டு பழகிய நாவை ஒரு மாதம் பெருமாளுக்காகக் கட்டுகிறார்களே, அவர்கள் விடுவது மெய்யாகவே ஒன்றை விடுவது. கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர்தார்கள் ஆதிக்கம் நடந்தது. அங்கிருந்த குடிகளுக்கு இதை உண்பேன், இதை உண்ணேன் என்று தேர்ந்துகொள்ளும் வசதி எங்கே இருந்தது? பள்ளிச் சத்துணவில் அவர்கள் குழந்தைக்குக் கிடைக்கும் முட்டையை நம்மவர் சிலர் பழிப்பதையும் கேட்டிருக்கிறேன். முட்டை உண்ணாத குழந்தைக்கு அங்கே வாழைப்பழம் தருகிறார்கள். நம் வீட்டுக் குழந்தைக்கு அது போதும். பசித்த குழந்தையின் தட்டிலிருந்து ஒன்றை எடுக்கும் அதிகாரத்தை எந்த ஆசார்யரும் நமக்குத் தரவில்லை.

பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசன பூஷணத்தில், பாகவதர்களுடைய பிறப்பை ஆராய்வது, அர்ச்சாவதாரத் திருமேனி எந்தப் பொருளால் ஆனது என்று ஆராய்வதைக் காட்டிலும் கொடியது என்று அருளிச்செய்கிறார். பிறப்பை ஆராயக் கூசி, உணவை ஆராய்ந்து அதே முடிவுக்கு வருவது கொல்லைவாசல் வழியாக அந்த அபசாரத்துக்குள் நுழைவதேயாகும்.

அப்படியானால் நியமத்தைத் தளர்த்திக்கொள்வதா? இல்லை. ராமபிரான் கங்கைக்கரையில் நடந்துகாட்டினான். வால்மீகி பகவான் சொல்லும்படி, குகன் கொண்டுவந்த உணவுகளைத் தன் வ்ரதத்தைச் சொல்லி ஏற்காமல், குதிரைகளுக்குத் தீனி மட்டும் கேட்டு, அன்றிரவு இளையபெருமாள் கொணர்ந்த நீரை மட்டும் பருகினான். கம்பநாட்டாழ்வார் இன்னும் நெருங்கிச் செல்கிறார். அவருடைய குகன் தேனும் மீனும் ஏந்தி வந்து, திருவுள்ளம் யாதோ என்று நிற்கிறான். அருகில் முதிய தவசிகள் இருக்கிறார்கள். பெருமாள் அவர்களை நோக்கி முறுவல் செய்கிறான். அந்த முறுவலில்தான் எத்தனை பொருள்! பிறகு, அன்பினால் கொணர்ந்தது அமுதினும் சிறந்தது, தூயது, நாம் உண்டதாகவே கொள் என்கிறான். மீனை உண்ணவும் இல்லை. கொணர்ந்த கையைத் தள்ளவும் இல்லை. தவசிகளுக்காகக் குகனைக் கடிந்துகொள்ளவில்லை. குகனுக்காக வ்ரதத்தையும் விடவில்லை. அந்தக் குகனைத் தம்பி என்று கொண்ட சீர்மையைச் சொல்லித்தான் திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியில் திருவரங்கன் திருவடியைப் பற்றுகிறார்; குகன் என்ன உண்டான் என்பது அங்கே பேச்சில்லை.

மலையில் ஒருவர் அன்போடு நீட்டிய தேனை வாங்கக் கோஷ்டியில் சிலர் தயங்கியதாகவும் கடிதத்தில் இருந்தது. பெருமாள் திருமஞ்சனத்தில் தேன் கண்டருளுகிறார். அதை மலையில் எடுத்தவர் அன்று காலை என்ன உண்டார் என்று கைங்கர்யபரர் எவரும் கேட்டதில்லை.

அடியேன் ராமாநுஜ தாஸன்