மரபணுவைச் சோதித்து அறிவது கடமையா?



இந்த உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்கு நம்மீது ஹக் உண்டு. இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இதையே ஆதாரமாக வைத்து இன்று ஒரு கேள்வி எழுகிறது: "அமானிதம் என்றால், அதன் மரபணு வரை சோதித்து அறிவதும் கடமைதானே?"

குறிப்பாக மெத்திலேஷன் சோதனையைப் பற்றிப் பலர் பேசுகிறார்கள். எச்சிலைக் குழாயில் பிடித்து அனுப்பினால் வீட்டுக்கே அறிக்கை வந்துவிடுகிறது. அது எதைச் சோதிக்கிறது? கீரையிலும் பயறிலும் உள்ள ஃபோலேட் சத்தை உடல் பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்ற ஒரு நொதி தேவை. அதை உருவாக்கும் மரபணுவின் பெயர் எம்.டி.எச்.எஃப்.ஆர். அதில் 677 என்ற இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பது உலகெங்கும் கோடிக்கணக்கானோரிடம் உள்ள சாதாரண விஷயம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்றவருக்கு நொதியின் வேகம் பாதிக்கும் கீழே போகிறது.

கேட்கும்போதே பயம் வருகிறது அல்லவா? சோர்வு, மனக்கவலை, கருச்சிதைவு எல்லாவற்றுக்கும் இதுவே காரணம் என்று சொல்லி, விலை உயர்ந்த மாத்திரைகளை விற்பவர்களுக்கு அந்தப் பயம்தான் முதலீடு.

உண்மை நிலை என்ன? ஒரே அளவு ஃபோலிக் அமிலம் உட்கொள்ளும்போது, இம்மாற்றத்தை இரட்டையாகப் பெற்றவரின் இரத்தத்தில் ஃபோலேட் சுமார் 16 சதவீதம்தான் குறைகிறது என்கிறது அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம். கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்களுக்குத் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் என்பது அதன் அறிவுரை. மரபணு எதுவாக இருந்தாலும் அந்த அறிவுரை மாறுவதில்லை. இரத்த உறைவுக்கோ தொடர் கருச்சிதைவுக்கோ காரணம் தேடும்போது இந்தச் சோதனை வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் வல்லுநர்களின் அமைப்பு 2013இலேயே வழிகாட்டிவிட்டது.

சகோதரர்களே! பயனுள்ள கல்வியைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், பயனளிக்காத கல்வியிலிருந்து பாதுகாப்பும் தேடினார்கள். ஆகவே எந்தச் சோதனைக்கும் முன் நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இதை அறிந்தால் என் செயல் மாறுமா?

தலசீமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மரபணுவைச் சுமக்கும் இருவர் மணந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்குக் கடும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. திருமணத்துக்கு முன் அதைச் சோதிப்பதை ஈரான் 1997இலும் சவூதி அரேபியா 2004இலும் கட்டாயமாக்கின. அங்கே அறிவு ஒரு முடிவை மாற்றுகிறது, ஒரு பிள்ளையின் வேதனையைத் தடுக்கிறது. அப்படிப்பட்ட சோதனையை அலட்சியப்படுத்துவதுதான் அமானிதத்தில் குறை வைப்பது.

மெத்திலேஷன் அறிக்கையோ பலரிடம் இரண்டு தீங்குகளை விட்டுச் செல்கிறது. ஒன்று, அச்சம். மற்றது, சாக்கு. "என் மரபணு அப்படி" என்று சொல்லி உணவையும் உறக்கத்தையும் நடையையும் கைவிடுகிறோம். சோர்வின் உண்மைக் காரணம் இரத்தச்சோகையாகவோ தைராய்டு குறையாகவோ பி12 பற்றாக்குறையாகவோ இருக்கலாம். சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரியக்கூடிய அது கவனிக்கப்படாமலே போகிறது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். உங்கள் மரபணு உங்களுடையது மட்டுமல்ல. உடன்பிறந்தவருடன் ஏறக்குறைய பாதியைப் பகிர்ந்திருக்கிறீர்கள். நீங்கள் எச்சிலை அனுப்பும்போது, சம்மதம் கேட்கப்படாத அவர்களின் இரகசியமும் சேர்ந்தே போகிறது. 2023இல் இப்படிப்பட்ட அமெரிக்க நிறுவனம் ஒன்றிலிருந்து சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டன. இரகசியம் பேணுவதும் அமானிதமே.

எனவே, அறிவதெல்லாம் கடமையல்ல. அறிந்ததைக் கொண்டு நன்மை செய்வதே கடமை. மருத்துவர் காரணத்தோடு கேட்கும் சோதனையைத் தயங்காமல் செய்யுங்கள். பயமுறுத்தி விற்கப்படும் சோதனைக்கு முன் நின்று யோசியுங்கள்.

பயனுள்ள அறிவையும், அதன்படி நடக்கும் பாக்கியத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.