அன்பு என்னும் கடன்

நித்திய ஜீவனைச் சுதந்தரித்துக்கொள்ள என்ன செய்யவேண்டும் என்று இயேசுவினிடம் வந்து வினவிய அந்த நியாயசாஸ்திரி, விடையை முன்னமே அறிந்திருந்தவன். தேவனை முழு இருதயத்தோடு நேசிப்பதும், தன்னைப்போல அயலானை நேசிப்பதுமே வேதத்தின் சாரம் என்று தன் வாயாலேயே சொல்லியும்விட்டான். உபாகமத்தில் ஓரிடத்திலும் லேவியராகமத்தில் வேறோரிடத்திலுமாகக் கிடந்த இரு கட்டளைகளை ஒன்றாகக் கோத்த பெருமையை மத்தேயுவும் மாற்குவும் இயேசுவுக்கு அளிக்க, லூக்கா மட்டும் அதை இந்தச் சாஸ்திரியின் வாயிலேயே வைத்திருப்பது கவனிக்கத்தக்கது. சித்தாந்தம் தெரிந்தவனுக்கு அதன்படி நடக்கவேண்டிய சங்கடம் எதிர்ப்பட்டதும் என்ன தோன்றும் என்பதை லூக்கா நன்றாய் அறிந்திருந்தார் போலும். அயலான் என்பவன் யார் என்று கேட்டு, தன் கடமைக்கு எல்லைக்கல் நாட்டிக்கொள்ளவே அம்மனிதன் முற்பட்டான்.

அன்பைக் கட்டளையிட முடியுமா என்ற சந்தேகம் தத்துவஞானிகளுக்கு நெடுநாளாக உண்டு. ஜெர்மானிய ஞானி காண்ட், 1785-இல் வெளியிட்ட தமது ஒழுக்கவியல் நூலில், இன்னாரிடம் பிரியம் கொள் என்று யாரையும் ஆணையிட இயலாது என்றும், மனச்சாய்வு இல்லாவிடினும் கடமையின்பொருட்டு நன்மை செய்யவே வேதம் ஏவுகிறது என்றும் வாதித்தார். அயலான் யார் என்ற அக்கேள்விக்கு விடையாக இயேசு சொன்ன சமாரியன் கதையை ஊன்றிப் படிப்பவர்க்கு இந்த வாதத்தில் பாதி உண்மை தென்படும். அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு அவன் மனமுருகினான் என்பதை ஒரே சொல்லில் முடித்துவிட்டு, காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தது, தன் வாகனத்தில் ஏற்றியது, சத்திரத்தில் சேர்த்தது, மறுநாள் இரண்டு பணம் எடுத்துக் கொடுத்தது என்று செய்கைகளையே லூக்கா வரிசையாகச் சொல்லிச் செல்கிறார். இவை எல்லாவற்றிலும் என் மனத்தைத் தைப்பது கடைசிச் செய்கை. மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகச் சத்திரக்காரனிடம் வாக்களித்து, முன்பின் அறியாத ஒருவன்பொருட்டுச் சமாரியன் தன்னைக் கடனாளியாக்கிக்கொள்கிறான். அன்பு ஒன்றைத் தவிர வேறெந்தக் கடனும் யாரிடத்திலும் வைக்கவேண்டாம் என்று ரோமாபுரிச் சபைக்குப் பவுல் எழுதியதற்கு இதைவிடச் சிறந்த வியாக்கியானத்தை யான் கண்டதில்லை. தானம் கொடுப்பவன் உயர்ந்து நிற்கிறான், பெறுபவன் தாழ்ந்து நிற்கிறான். கடன் என்றாலோ கேட்டு வாங்கும் உரிமை எதிரே நிற்பவனுக்கு வந்துவிடுகிறது.

இந்தக் கடனைப் பற்றி எண்ணும்போதெல்லாம் ஏலப்பாறையே நினைவுக்கு வருகிறது. குட்டிக்கானத்திலிருந்து கட்டப்பனை செல்லும் சாலையில், பீர்மேட்டு மலைகளின் நடுவே, தேயிலைச் சரிவுகள் சூழ அமைந்த சிற்றூர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் திருவிதாங்கூர் அரசிடம் நிலம் பெற்று வந்த ஐரோப்பியத் துரைமார் முதலில் காப்பியும், காப்பியை நோய் அழித்தபின் தேயிலையும் பயிரிட, கம்பம் பள்ளத்தாக்கின் வழியாக மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். வந்தவர்களிற் பெரும்பாலோர், சொந்த ஊரில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஏழைகள். கங்காணி கையில் வைத்த முன்பணமே அவர்களை மலையேற்றியது. அந்த முன்பணமே அவர்களை இறங்கவிடாமலும் பிடித்துக்கொண்டது. காடு திருத்தி, கொளுந்து கிள்ளி, மலேரியாவில் மடிந்து, தோட்டத்தின் செல்வம் முழுவதையும் உண்டாக்கியவனே கணக்குப் புத்தகத்தில் கடன்காரன் என்று எழுதப்பட்டான். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை இவ்வளவு தலைகீழாக எழுதிய ஏடு உலகத்தில் வேறு சிலவே இருக்கும்.

துரைமார் தேவபக்தி இல்லாதவர் அல்லர். குட்டிக்கானத்தை அடுத்த பள்ளிக்குன்றில் 1869-ஆம் ஆண்டில் சி.எம்.எஸ். மிஷனெரி ஹென்றி பேக்கர் ஜூனியரின் முயற்சியால் எழுந்த தூய ஜார்ஜ் ஆலயம் இன்றும் நிற்கிறது. அதன் கல்லறைத் தோட்டத்தில் அக்காலத் தோட்டத்துரைமார் துயில்கிறார்கள். அங்கேயே, ஜே.டி. மன்றோ என்னும் துரையின் அருமைக் குதிரை டவுனியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பது அவ்வூருக்குப் பேர்போன செய்தி. வாயில்லாப் பிராணியிடம் ஒரு மனிதன் வைத்த பிரியத்தைப் பரிகசிக்க எனக்கு மனமில்லை. அதுவும் ஓர் அன்புதான். ஆயினும், ஒரு குதிரைக்கு இடம் கொடுக்குமளவு விசாலமான அந்தப் புண்ணிய பூமியின் அருகே, அதே மலையைத் திருத்திய கூலியாளின் பெயர் பொறித்த கல்லைத் தேடுபவன் நெடுநேரம் தேடவேண்டியிருக்கும். ஞாயிறுதோறும் இரு கட்டளைகளும் அவ்வாலயத்தில் வாசிக்கப்பட்டிருக்கும் என்பதில் ஐயமில்லை.

சுதேசக் கிறிஸ்தவர்கள் இதில் மேம்பட்டிருந்தார்கள் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. 1855-இல் திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்து விளம்பரம் செய்த பிறகும், ஞானஸ்நானம் பெற்ற புலையரும் பறையரும் சபைக்குள் தனித்தே நிறுத்தப்பட்டனர். அந்த அவமானம் பொறாது சபைகளைவிட்டு வெளியேறி, இரவிபேரூரைத் தலைமையிடமாகக் கொண்டு பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை என்ற தனி மார்க்கத்தையே நிறுவிய பொய்கையில் யோகன்னானின் சரித்திரம், ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணியவர்கள் ஒரே பந்தியில் அமர மறுத்ததன் சரித்திரமேயாகும்.

அப்படியானால் ஜெபமும் ஆராதனையும் வீண்தானா, அயலானுக்குத் தொண்டு செய்தால் அதுவே தேவபக்தி ஆகிவிடாதா என்று இக்காலத்தில் பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான், ஆனால் முதற்கட்டளையை இரண்டாவதில் கரைத்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. இதற்கு நான் காட்டும் சாட்சியும் ஏலப்பாறைக்கு அருகிலேயே இருக்கிறது. அங்கிருந்து வாகமண் சாலையில் போனால் குரிசுமலை ஆசிரமத்தை அடையலாம். பெல்ஜியம் நாட்டில் பிறந்து ட்ராப்பிஸ்ட் துறவியான பிரான்சிஸ் ஆச்சார்யாவும், இங்கிலாந்திலிருந்து வந்த பீட் கிரிபித்ஸும் 1958-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அதை நிறுவினார்கள். பின்னவர் 1968-இல் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியிலுள்ள சாந்திவனத்துக்குச் சென்றுவிட்டார். முன்னவர் இந்தியப் பிரஜையாகி, 2002-இல் காலமாகும்வரை அம்மலையிலேயே வாழ்ந்தார்.

காவி உடுத்தி, தரையில் அமர்ந்து, மலங்கரை மரபின்படி சுரியானி வழிபாட்டை நடத்திய அந்தத் துறவிகள், புல் மட்டுமே விளைந்த காற்றடிக்கும் குன்றில் பசுக்களை வளர்த்தார்கள். உயர்ந்த இனப் பசுக்கள் வந்தன. அண்டை அயலிலிருந்த குடியானவர்களும் மாடு வளர்க்கக் கற்று, கறந்த பாலை விற்று ஜீவிக்க வழி பிறந்தது. சுரியானித் திருச்சபையின் பழம் ஜெபங்களை ஆங்கிலத்தில் பெரிய தொகுதிகளாக மொழிபெயர்த்த அதே பிரான்சிஸ் ஆச்சார்யாவின் கவலைகளில் மாட்டுத் தொழுவமும் ஒன்றாயிருந்தது. ஜெபம் முடித்தபின் தொண்டு என்றோ, தொண்டு முடித்தபின் ஜெபம் என்றோ அங்கே பிரித்துப் பார்க்க வழியில்லை. பசு கறக்கும் வேளை யாருக்காகவும் காத்திராது. தேவனை மறந்த தொண்டு நாளடைவில் அயலானைப் பயனாளி என்னும் எண்ணாகக் குறுக்கிவிடும். அவனும் தேவனுடைய சாயலில் சிருஷ்டிக்கப்பட்டவன் என்ற பயபக்தி உள்ளவனுக்கே, அவன்முன் கடன்காரனாய் நிற்கும் பணிவு வரும். முதற்கட்டளை முதலாவதாக இருப்பதன் காரணம் இதுவென்றே நான் கொள்கிறேன்.

இனிக் கடனுக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டையொட்டித் தேயிலை விலை வீழ்ந்தபோது பீர்மேட்டில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. சில தோட்டங்களில் நிர்வாகம் தொழிலாளரை அப்படியே கைவிட்டு அகன்றது. அந்த மக்களின் கதையை ஜெயசீலன் ராஜ் என்னும் மானிடவியலாளர் 2022-இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குள் சென்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஓர் அறை, ஓர் அடுக்களை, ஒழுகும் கூரை, அடுத்த வீட்டுக்கும் இதற்கும் பொதுவாய் ஒரே சுவர். இங்கே மாரியம்மன் படம், அங்கே சிலுவை. ஒரு வீட்டார் இருமினால் மறுவீட்டார் விழித்துக்கொள்வர். அயலான் யார் என்ற வினா இங்கே எழவே இடமில்லை. முப்பது, நாற்பது ஆண்டுகள் கூடை சுமந்து ஓய்வுபெற்ற பெண்கள் அந்த அறையைக் காலிசெய்யாமல் இருப்பதற்குக் காரணம், பணிக்கொடை கைக்கு வராததுதான். ஓராண்டு வேலைக்குப் பதினைந்து நாட்கூலி என்றும், முப்பது நாளுக்குள் கொடுத்துவிடவேண்டும் என்றும் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. இங்கோ அத்தொகையை ஆண்டுக்கணக்காய் எதிர்பார்த்து, வாங்காமலே இறந்தவரும் உண்டு.

கிறிஸ்துமஸுக்குப் புடவையும் அரிசியும் கொண்டுபோய்க் கொடுக்கும் சபையார் நல்லவர்களே, அவர்களைக் குறைசொல்லேன். ஆனால் புடவை தானம், பணிக்கொடை கடன். கடன் நிற்கையில் தானம் கொடுத்துத் திருப்தி கொள்வது, ஆடையும் ஆகாரமும் இல்லாதவனைச் சமாதானத்தோடே போகச் சொல்லி அனுப்புகிறவனைக் கண்டித்த யாக்கோபுக்கு உவப்பாயிராது. பீர்மேட்டு ஆலயங்களில் படித்த இளைஞர் பலர் இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு மாலை லயத்துக்குப் போய், பழைய சம்பளச் சீட்டுகளை வாங்கிப் பார்த்து, வேலைசெய்த ஆண்டுகளைக் கணக்கிட்டு, தொழில்துறை அதிகாரிக்கு மனு எழுதிக் கொடுங்கள். பணம் வந்துசேரும்வரை அந்த மனுவின் பின்னாலும் நடவுங்கள்.