கொலைக்கருவியிற் கலையழகு

நூதனசாலைக் கண்ணாடிப் பேழையிலுள்ள பழைய தீக்கற் கைத்துப்பாக்கியைக் காண்போர் முதலில் அதன் வேலைப்பாட்டை வியப்பர். அது எதற்காகச் செய்யப்பட்டது என்னும் எண்ணம் பின்னரே எழும். மனிதனைக் கொல்லும் கருவி அழகாயிருத்தல் தகுமா? இவ்வினாவுக்கு விடைகாண விழைவோர், அக்கருவிகளைச் செய்தோரின் தொழிலை நோக்குதல் வேண்டும்.

தீக்கல் இயக்கமுறை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரான்சில் உருப்பெற்றது. விசையை இழுத்ததும் தீக்கல் உருக்குத் தகட்டில் மோதும். எழும் தீப்பொறி சிறு கிண்ணத்திலுள்ள வெடிமருந்தைப் பற்றி, துளைவழியே குழலினுட் செல்லும்.

இவ்வியக்கத்தைச் சூழ்ந்து இருவகைக் கலை வளர்ந்தது. வேர்சாய் ஆயுதத் தொழிற்சாலையை நடத்திய நிக்கலஸ் நோயல் பூத்தே, நெப்போலியன் காலத்திற் பரிசளிப்பதற்கெனச் செய்த கைத்துப்பாக்கிகளின் நீலமேற்றிய குழல்களிற் பொன் இழைக்கப்பட்டது. வெள்ளியிற் கிரேக்கப் புராண உருவங்கள் பொருத்தப்பட்டன. இலண்டனில் துவந்த யுத்தத்திற்கெனச் செய்யப்பட்டவற்றிலோ பொன்னும் வெள்ளியும் அருகின. ஒளிபட்டுக் கண் கூசாதவாறு குழல் பழுப்பாக்கப்பட்டது; கையை நீட்டிய மாத்திரத்திற் குறியை நோக்குமாறு எடை சமப்படுத்தப்பட்டது; சிலவற்றில் மெல்லிய தொடுகைக்கே இசையும் நுண்விசையும் அமைந்தது. 1804 யூலை 11இல், அமெரிக்காவின் முன்னாள் நிதிச் செயலர் அலெக்சாண்டர் ஹமில்ரன், உபசனாதிபதி ஆரன் பேரின் குண்டுபட்டு வீழ்ந்தார், மறுநாள் இறந்தார். அன்று இருவரும் ஏந்தியவை இலண்டன் வோக்டன், பார்ட்டன் ஆகியோரின் பட்டறையிற் செய்யப்பட்ட சோடித் துப்பாக்கிகளே.

அலங்காரம் கொலையை மறைக்கும் போர்வை எனக் கண்டிப்போர் உளர். அக்கூற்று முழுவதும் பொருந்தாது. பொன்னிழைத்தவை பெரும்பாலும் பரிசுப் பேழைக்கென்றே பிறந்தன. அணியற்றவையே உயிரைக் குறிவைத்துப் பிறந்தன. ஆகவே அறவினா பூவேலையிலன்று, தவறாது வெடிக்கவும் தவறாது தைக்கவும் வேண்டுமென உழைத்த செய்நேர்த்தியிலேயே தங்கியுள்ளது. அச்செய்நேர்த்தியும் அழகே என்பதுதான் நம் நெஞ்சை உறுத்துவது.

கருவி குற்றமற்றது, ஏந்திய கையே குற்றமுடையது எனக் கம்மியன் வாதிடலாம். கத்தி செய்தவனுக்கு அவ்வாதம் பொருந்தும். கத்தி கறியும் அரியும். துவந்த யுத்தத் துப்பாக்கிக்கோ வேறு நோக்கமில்லை. அதைச் செய்தவன் தன் நுண்விசை எதற்கு உதவுமென்பதை அறிந்தே அரத்தைக் கையிலெடுத்தான்.

அவ்வழகை நாம் மறுக்க வேண்டியதில்லை; மறுப்பின் பொய்யுரைத்தவராவோம். ஆயினும் திறமை தன்னளவில் அறமாகிவிடாது. கல்வியால் திறம் பெற முயலும் நாமும், எவ்வளவு நன்றாகச் செய்கின்றோம் என்று கேட்பதற்கு முன்னர், எதற்காகச் செய்கின்றோம் என்று கேட்டல் வேண்டும்.