விலைக்கு வாங்கிய கட்டுரை

நீட் தேர்வை வேறொருவரை வைத்து எழுதி, தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் ஒரு மாணவர் சேர்ந்துவிட்டதாக 2019-இல் வழக்குப் பதிவானபோது தமிழ்நாடே அதிர்ந்தது. நாளை நம் உடம்பில் கத்தி வைக்கப் போகிறவர் உண்மையில் படித்தவர்தானா என்ற அச்சம் அந்த அதிர்ச்சிக்குள் இருந்தது. வணிக மேலாண்மையோ சுற்றுலாவோ குற்றவியலோ ஊடகவியலோ படிக்கும் ஒருவர் காசு கொடுத்துக் கட்டுரை எழுதி வாங்கி, தன் பெயரைப் போட்டு ஒப்படைத்தார் என்றால் அந்தப் பதற்றம் வருவதில்லை. “இதனால் யார் சாகப் போகிறார்கள்?” என்று கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். இந்தக் கேள்விக்கு விடை தேடுவது அவசியம். ஏனென்றால், கட்டுரை வாங்கும் மாணவர் தன் மனத்தை ஆற்றிக்கொள்வதும் இதே கேள்வியைக் கொண்டுதான்.

இந்த வணிகம் பெரிதும் நடப்பது ஆங்கிலம் பேசும் நாடுகளின் பல்கலைக்கழகங்களைச் சுற்றி. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல பாடங்களில் மதிப்பெண்ணின் பெரும்பகுதி வீட்டிலிருந்து எழுதித் தரும் அசைன்மென்டுகளுக்குத்தான். மாணவர் இணையத்தில் பாடத்தின் பெயர், எத்தனை சொற்கள், எந்தத் தேதிக்குள், என்ன தரம் என்று குறிப்பிட்டுப் பணம் கட்டுகிறார். கெடு நெருங்க நெருங்க விலை ஏறும். ஸ்வான்ஸீ பல்கலைக்கழகத்தின் பிலிப் நியூட்டன் 1978 முதல் வெளிவந்த 65 ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ஒரு கணக்குச் சொன்னார். மொத்தமாகப் பார்த்தால், காசு கொடுத்து எழுதி வாங்கியதாகச் சொன்ன மாணவர்கள் 3.5 சதவீதம். 2014 முதலான ஆய்வுகளை மட்டும் எடுத்தால் 15.7 சதவீதம். இரண்டுமே தாமாக ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு.

அந்தக் கட்டுரைகளில் பெரும் எண்ணிக்கையை எழுதியவர்கள் நைரோபியில் இருந்தார்கள். நல்ல பட்டம் பெற்று, அதற்கேற்ற வேலை கிடைக்காத கென்ய இளைஞர்கள் அவர்கள். ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பட்ரீசியா கிங்கோரி அவர்களைத் தேடிச் சென்று பேசினார். அந்தப் பயணம் 2024-இல் ‘தி ஷேடோ ஸ்காலர்ஸ்’ என்ற ஆவணப்படமாக வந்தது. தான் கண்ணால் பார்த்திராத ஊரின் சுற்றுலாத் திட்டத்தையும், தனக்குச் சம்பந்தமில்லாத நாட்டின் தண்டனை முறையையும் இரவு முழுக்கப் படித்து, காலைக்குள் எழுதி முடிக்கிற ஆற்றல் அவர்களுக்கு இருக்கிறது. அந்த ஆற்றலுக்குச் சான்றிதழ் வேறொருவர் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

வாங்குகிறவரின் வாதத்தை அதன் முழு வலுவோடு கேட்க வேண்டும். “இந்தக் கட்டுரையை ஆசிரியர் பத்து நிமிடம் புரட்டுவார், பிறகு உலகில் யாரும் படிக்கப் போவதில்லை. வேலைக்குத் தேவையானதை வேலையில் கற்றுக்கொள்வேன். எழுதியவருக்குக் கூலி கிடைத்தது, எனக்கு மதிப்பெண் கிடைத்தது, இதில் அழுதது யார்?” இந்தப் பேச்சில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. மாணவர் கட்டுரைகளில் பெரும்பாலானவை உலகுக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. ஒரு கட்டுரை குறைந்ததால் எந்தத் துறையும் நின்றுவிடாது. ஆகவே தவறு அந்தக் கட்டுரைக்குள் இல்லை. அது எதற்கான பயிற்சியோ அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

குற்றவியலை எடுத்துக்கொள்வோம். அதைப் படித்தவர்களில் ஒரு பகுதியினர் பிரிட்டனில் நன்னடத்தைக் கண்காணிப்புத் துறைக்குப் போகிறார்கள். தண்டனை விதிக்கும் முன் நீதிபதி அவர்களிடம் அறிக்கை கேட்பார்: இந்த மனிதர் எப்படிப்பட்டவர், இவரால் யாருக்கு ஆபத்து, சிறைக்கு அனுப்பலாமா, வெளியிலேயே கண்காணிக்கலாமா? சில பக்கங்கள்தான். 2021 ஜூனில் தீ வைத்த குற்றத்துக்காக ஒருவர் நீதிமன்றத்தின் முன் நின்றார். அவரைப் பற்றிய அறிக்கை, உடன் வாழும் பெண்ணுக்கும் குழந்தைகளுக்கும் அவரால் ஆபத்து குறைவு என்றது. குடும்ப வன்முறை பற்றிக் கேட்டறிய வேண்டிய இடங்களில் கேட்டறியாமலே எழுதப்பட்ட அறிக்கை அது. சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, அவர் அந்தப் பெண்ணின் வீட்டில் இருக்க வேண்டும் என்றானது. அதே ஆண்டு செப்டம்பரில், டார்பிஷயரின் கில்லமார்ஷ் என்ற ஊரில் அவர் நான்கு பேரைக் கொன்றார். அந்தப் பெண்ணும் மூன்று குழந்தைகளும். பின்னர் ஆராய்ந்த கண்காணிப்புத் துறையின் ஆய்வாளர், அந்த மதிப்பீடுகளை ஏற்க முடியாதவை என்று கண்டித்தார்.

அந்த அறிக்கையை எழுதியவர் கல்லூரியில் ஏமாற்றினார் என்று யாரும் சொல்லவில்லை. இங்கே சொல்வதும் அதுவல்ல. வேலைப் பளுவிலும் அனுபவக் குறைவிலும் நேர்மையானவர்களுக்கே இப்படிப் பிழை நேரும். நேரில் பார்க்க முடியாத ஒரு வாழ்க்கையைப் பற்றி ஒருவர் காகிதத்தில் எழுதும் தீர்ப்பின் மேல் எத்தனை உயிர்கள் ஏறி நிற்கின்றன என்பதற்குத்தான் அந்த நிகழ்வு சாட்சி. “இன்னும் எதைக் கேட்காமல் விட்டேன்?” என்று தன்னையே குடைந்துகொள்ளும் பழக்கம் அந்த வேலைக்கு உயிர். குற்றவியல் மாணவர் தன் மூன்றாயிரம் சொற்களோடு மல்லுக்கட்டும்போது வளர்வது அந்தப் பழக்கம். கட்டுரை வாங்கும் மாணவர் அதைத்தான் நைரோபிக்கு அனுப்பிவிடுகிறார்.

சுற்றுலா அதைவிட எளிய பாடமாகத் தோன்றும். அதிலும் ‘ஆபத்து மதிப்பீடு’ என்ற அசைன்மென்ட் உண்டு: ஒரு மலையேற்றமோ படகுப் பயணமோ நடத்தினால் என்னென்ன தவறிப்போகலாம் என்று பட்டியலிட வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில் படகோட்டச் சென்ற பள்ளி மாணவர்களில் நான்கு பேர் இறந்தார்கள். பாதுகாப்பு போதாது என்று அந்த மையத்தில் வேலை பார்த்த பயிற்றுநர்கள் முந்தைய ஆண்டே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். 1994-இல் நிறுவனம் உயிரிழப்புக்குக் காரணமான குற்றத்தில் தண்டிக்கப்பட்டது. இங்கிலாந்துச் சட்ட வரலாற்றில் அப்படித் தண்டிக்கப்பட்ட முதல் நிறுவனம் அதுதான். அதன் நிர்வாக இயக்குநர் சிறைக்குப் போனார். அடுத்த ஆண்டு சாகச மையங்களுக்கென்று தனிச் சட்டமே வந்தது. எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. அதைப் பொருட்படுத்திப் படிக்கிற மனம் இல்லாமல் போயிற்று.

ஊடகவியலுக்கு நீண்ட விளக்கம் வேண்டாம். 2010 டிசம்பரில் பிரிஸ்டல் நகரில் ஒரு இளம்பெண் கொலையானபோது, அவருடைய வீட்டு உரிமையாளரான ஓய்வுபெற்ற ஆசிரியரைப் பத்திரிகைகள் கொலைகாரனாகவே சித்திரித்தன. அவர் நிரபராதி. எட்டு நாளிதழ்கள் அவரிடம் மன்னிப்புக் கேட்டு இழப்பீடு தந்தன. இரண்டுக்கு நீதிமன்ற அவமதிப்புக்காக அபராதமும் விழுந்தது. ‘இதை எப்படித் தெரிந்துகொண்டோம்’ என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக்கொள்ளத் தெரிந்தவர் அந்தச் செய்தி அறைகளில் ஒருவர் கூடுதலாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வணிகப் படிப்பிலோ தொடர்பைத் தேடவே வேண்டியதில்லை, ஏமாற்று அப்படியே வேலைக்குள் நடந்து வந்திருக்கிறது. பிறர் கணக்கில் பொய் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதுதான் தணிக்கையாளரின் தொழில். எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்தின் அமெரிக்கத் தணிக்கையாளர்கள், தொழில் உரிமத்துக்கான அறநெறித் தேர்விலேயே விடைகளைப் பகிர்ந்து ஏமாற்றினார்கள். அறநெறித் தேர்வில்! நிறுவனம் அதை ஒழுங்குமுறை ஆணையத்திடம் மறைக்கவும் செய்தது. 2022-இல் 10 கோடி டாலர் அபராதம் கட்டியது. அவர்களும் ஒருநாள் “இந்தத் தேர்வு வெறும் சடங்கு, உண்மையான வேலை வரும்போது ஒழுங்காக இருப்பேன்” என்று சொல்லிக்கொண்டிருக்கக் கூடும். எது சடங்கு, எது உண்மையான வேலை என்று நாமே வகுத்துக்கொள்ளத் தொடங்கினால், நாள் போகப் போகச் சடங்குப் பட்டியல்தான் நீளும்.

ஆக, காசு கொடுத்து மாணவர் வாங்குவது காகிதத்தை மட்டுமல்ல. “இவர் சொன்னால் நம்பலாம்” என்று முன்பின் தெரியாதவர்கள் தன்னிடம் வைக்கப் போகும் நம்பிக்கையையும் சேர்த்து வாங்குகிறார். ஏமாந்தவர் பேராசிரியர் என்று நினைக்கிறோம். ஏமாறப் போகிறவர்கள் இன்னும் வரவே இல்லை. இந்த நான்கு துறைகளில் அது மருத்துவத்தைவிட அதிகமாகவே உறைக்க வேண்டும். அறுவையில் தவறு நேர்ந்தால் உடம்பு காட்டிக்கொடுக்கும். தவறான அறிக்கை பல ஆண்டுகள் கோப்பில் சரியானதைப் போலவே கிடக்கும்.

அப்படியென்றால் முழுப் பழியும் மாணவர் தலையிலா? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 2022-இல் நிறைவேறிய சட்டம் கட்டுரை விற்பதையும் விளம்பரப்படுத்துவதையும் குற்றமாக்கியது, வாங்கும் மாணவரை விட்டுவிட்டது. அயர்லாந்து 2019-இலும் ஆஸ்திரேலியா 2020-இலும் விற்பவர்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றின. இது சரியான முடிவு. பத்தொன்பது வயதில் செய்த தவற்றுக்குக் குற்றவாளி என்ற பெயர் வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்வது நீதியாகாது. ஆனால் சட்டம் தண்டிக்காததால் அது தவறில்லை என்று ஆகிவிடாது.

எழுதிக் கொடுப்பவரின் நிலை வேறு. வாடகைக்காகவும் தம்பி தங்கையின் படிப்புக்காகவும் எழுதும் ஒருவரை, முழு வசதியோடு வாங்குகிறவரோடு ஒரே தட்டில் வைக்க மனம் வராது. பொய்க்குத் துணைபோகிறோம் என்பது அவருக்கும் தெரியும்தான். இருந்தாலும் இந்த வணிகத்தில் உண்மையாக உழைத்தவர் அவர் ஒருவரே. செயற்கை நுண்ணறிவு வந்தபின் ஆர்டர்கள் குறைந்துவிட்டன என்று கென்ய எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். ஏமாற்று குறையவில்லை, அதிலிருந்து வந்த கூலி மட்டும் குறைந்துவிட்டது.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. இங்கிலாந்தில் உள்நாட்டு இளங்கலை மாணவரிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதற்கு அரசு வரம்பு உண்டு. வெளிநாட்டு மாணவருக்கு வரம்பே கிடையாது. நம் ஊரிலிருந்து வீட்டை அடமானம் வைத்துப் போகிற பிள்ளை, இரவு வேலை பார்த்துக்கொண்டு, பெயர்கூட அறியாத ஆசிரியருக்கு அசைன்மென்ட் எழுதுகிறது. ஆஸ்திரேலியாவில் ட்ரேசி ப்ரெடாக் குழுவினர் எட்டுப் பல்கலைக்கழகங்களில் 14,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டார்கள். கற்பித்தலில் மனநிறைவின்மை, ஏமாற்ற வாய்ப்பு நிறைய இருக்கிறது என்ற எண்ணம், ஆங்கிலம் வீட்டு மொழியாக இல்லாமை ஆகியவை ஏமாற்றோடு சேர்ந்தே தென்பட்டன. ஆளே தெரியாமல் மதிப்பெண் போடும் கல்லூரி, ஆளே எழுதாத கட்டுரையைப் பெறுவதில் வியப்பில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளைச் சுற்றியுள்ள ப்ராஜெக்ட் சென்டர்களும் இப்படித்தான் தழைத்தன. இறுதியாண்டு ப்ராஜெக்ட் கடையில் கிடைக்கிறது என்பது மாணவருக்கும் தெரியும், கேள்வி கேட்க வேண்டிய பல ஆசிரியர்களுக்கும் தெரியும்.

கல்லூரியின் குறை மாணவரின் தவற்றை விளக்கும், நீக்காது. கடன் இருப்பவருக்குக் கெடுவைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கும் வழி இருக்கிறது. ஒரு பாடத்தில் தோற்று மறுபடி எழுதும் வழி இருக்கிறது. இரண்டும் கசப்பானவை, செலவு பிடிப்பவை, வீட்டுக்குச் சொல்லக் கூசுபவை. ஆனாலும் அவை நேர்மையான வழிகள், அவற்றை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதே கடனோடு, அதே அரைகுறை ஆங்கிலத்தோடு, தானே எழுதி ஐம்பது மதிப்பெண் வாங்கிய பக்கத்து அறை மாணவரை நினைத்தால், வாங்கியவர்மேல் காட்டும் பரிவு ஓர் எல்லைக்கு மேல் போகக் கூடாது என்பது விளங்கும்.

கல்லூரிகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: எழுதியவரை எதிரே உட்கார வைத்துக் கால்மணி நேரம் பேசுவது. “இந்த ஊரை ஏன் தேர்ந்தீர்கள்? இந்தப் புள்ளிவிவரத்தை நம்பலாமா?” என்ற இரண்டு கேள்விகளே பெரும்பாலும் போதும். முந்நூறு பேர் வகுப்பில் இதற்கு ஆசிரியர்கள் வேண்டும், ஆசிரியர்களுக்குச் சம்பளம் வேண்டும். கூச்சமுள்ளவர்களும் திக்கிப் பேசுகிறவர்களும் தவறாகச் சந்தேகிக்கப்படாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். வெளிநாட்டுக் கட்டணத்தில் ஒரு பங்கு இதற்குப் போகட்டும்.

இன்னொன்று இன்னும் அவசரமானது. ஒருமுறை வாங்கியவரை விற்ற நிறுவனங்களே பிறகு மிரட்டியிருக்கின்றன: பணம் தா, இல்லாவிட்டால் கல்லூரிக்குச் சொல்வோம், வேலை தருபவருக்குச் சொல்வோம். உண்மையைச் சொன்னால் படிப்பே போய்விடும் என்றால் அந்த மாணவர் பணத்தைக் கட்டிக்கொண்டே இருப்பார், அடுத்த கட்டுரையையும் அங்கேயே வாங்குவார். பிடிபடும் முன் தானாக வந்து சொல்பவருக்கு அந்த மதிப்பெண்ணை நீக்கி, அதே கட்டுரையை மறுபடி எழுத வைத்து, படிப்பைத் தொடர விடுவதாகக் கல்லூரிகள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். தண்டனை குறைந்துவிட்டது என்று சிலர் குறைப்படுவார்கள். அப்படி வந்து சொல்பவர், எழுதாமல் விட்ட அந்த மூன்றாயிரம் சொற்களை முதன்முறையாகத் தானே எழுத உட்காருவார்.