கோட்டையும் நூறு மீட்டரும்

திருவனந்தபுரத்திலிருந்து கடலோரமாகவே வடக்கே போனால் அஞ்சுதெங்கு வரும். ஒரு பக்கம் அரபிக் கடல், மறுபக்கம் காயல். நடுவே தீவு போல ஒடுங்கிக் கிடக்கும் மணல் நிலம். ஆற்றிங்கல் ராணியிடம் அனுமதி பெற்று, மிளகு வணிகத்துக்காக ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690களில் கட்டிய கோட்டை அங்கே நிற்கிறது. 1721 ஏப்ரலில் ராணிக்குப் பரிசுப் பொருட்கள் கொண்டுபோன கம்பெனி அதிகாரி வில்லியம் கிஃபோர்டும் உடன் சென்ற நூற்றுக்கு மேற்பட்டோரும் ஆற்றிங்கலில் கொல்லப்பட்டார்கள். கோட்டை மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்தது. பிளாசிப் போருக்கு 36 ஆண்டுகள் முந்திய கிளர்ச்சி இது.

அந்தக் கோட்டை இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பக்கத்துக் காயலில் பொன்னும்துருத்து என்ற தீவும் அதில் பழைய சிவன் கோயிலும் உண்டு. இப்படிப்பட்ட இடங்களை அளந்து, படமெடுத்து, அரசு அங்கீகாரம் கேட்டு மனு எழுதும் தன்னார்வலர்கள் நாடெங்கும் இருக்கிறார்கள். கூலி வாங்காமல் செய்யும் வேலை, பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த அங்கீகாரத்துக்கு விலை கொடுப்பவர் யார்?

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்கிறது சட்டம். பழுதுபார்க்கக்கூட அனுமதி வேண்டும். அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை கட்டுப்பாடு. 2010 திருத்தம் இதை இறுக்கியது. பரந்த வயல்வெளியில் நிற்கும் கோயிலுக்கு இது பெரிய தொல்லையல்ல. கடலுக்கும் காயலுக்கும் நடுவே, கரையரிப்பில் நிலம் குறைந்துகொண்டே வரும் இடத்தில் 100 மீட்டர் என்பது ஒரு மீனவக் குடும்பத்தின் முழு உலகம். மகன் கல்யாணத்துக்கு ஓர் அறை கூட்டிக் கட்டவும் வழியில்லாமல் போகும்.

அதற்காக அங்கீகாரம் கேட்காமலே இருந்துவிடவும் முடியாது. பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருந்த சின்னங்களிலேயே 92 காணாமல் போயிருப்பதாக 2013இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சொன்னது. பட்டியலிலேயே ஏறாத தீவுக் கோயிலின் கதி என்ன?

அந்தமான் செல்லுலார் சிறையின் கதை இங்கே நினைக்கத் தக்கது. ஏழு கட்டடச் சிறகுகளோடு 1906இல் கட்டி முடிந்த அந்தச் சிறையில் இன்று மூன்றே மிஞ்சியிருக்கின்றன. சுதந்திரத்துக்குப் பிறகும் இடிப்பு தொடர்ந்தது. 1963இல் அந்த வளாகத்தில் மருத்துவமனை வந்தது. தீவு மக்களுக்கு மருத்துவமனை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனாலும் அங்கே சிறையிருந்த முன்னாள் கைதிகள் விடாமல் குரல் எழுப்பினார்கள். 1979இல் சிறை தேசிய நினைவுச் சின்னமானது. மருத்துவமனையும் நீடித்தது. அந்தச் சுவர்களுக்குள் வாடியவர்களே கேட்டதால் அந்தக் கோரிக்கைக்கு எவரும் மறுக்க முடியாத உரிமை இருந்தது.

நகரத்திலிருந்து வரும் தன்னார்வலருக்கு அந்த உரிமை பிறப்பால் கிடையாது. அதை உழைத்துத்தான் பெற வேண்டும். ஆற்றிங்கல் கிளர்ச்சியின் நினைவு முதலில் அந்த வட்டாரத்து மக்களுடையது. அவர்கள் வீட்டுக் கூரையை முடக்கிவிட்டு அவர்கள் வரலாற்றைக் காப்பாற்றுவதாகச் சொல்வது நியாயமாகாது. மனு எழுதும் முன் எல்லைக்குள் எத்தனை வீடுகள் வரும் என்று அளந்து, அந்த வீட்டுக்காரர்களிடம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். சின்னம் அறிவிக்கப்பட்ட பின், பழுதுபார்க்கும் அனுமதிக்கு அலையும் குடும்பத்தோடு அலுவலகப் படி ஏறவும் வேண்டும்.

மத்திய அரசு ஒரு சின்னத்தை அறிவிக்கும் முன் அரசிதழில் அறிவிக்கை வெளியிட்டு, அதன் நகலை அந்த இடத்தருகே ஒட்டி, ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதம் தருகிறது. கடலுக்குப் போய் இரவில் திரும்புகிறவர் அந்தத் தாளைப் படித்திருக்க மாட்டார். மனு எழுதியவர்களே அந்த இரண்டு மாதத்தில் வீடு வீடாகப் போய் அதை மலையாளத்தில் படித்துச் சொல்ல வேண்டும்; ஆட்சேபம் சொல்ல விரும்புகிறவருக்கு அதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.