கல்லில் அடைபடும் உயிர்

தேவதானத்தில் பழைய வீடொன்றுக்குச் சுண்ணாம்புப் பூச்சு நடந்துகொண்டிருந்தது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் புளித்துவிட்டதா என்று எப்படித் தெரியும் என்று கொத்தனாரிடம் கேட்டேன். “வாடையிலயே தெரிஞ்சிரும் சார்” என்றார். புளிக்கவைப்பவை உயிர்கள் என்ற பிரக்ஞை அந்தத் தொழிலுக்குத் தேவைப்பட்டதில்லை.

2020இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அலோக் குமார் முதலானோர், இஸ்ரோவுடன் சேர்ந்து, நிலவு மண்ணைப் போலத் தயாரித்த மண்ணில் ஸ்போரோசார்சினா பாஸ்டூரி என்னும் பாக்டீரியாவைக் கொண்டு கல் செய்தார்கள். தீனி யூரியா, இங்கே வயலில் வீசுகிற அதே சரக்கு. கூடவே கால்சியமும் கொத்தவரை விதைப் பிசினும். பாக்டீரியா யூரியாவைச் சிதைக்க, உண்டாகும் கார்பனேட் கால்சியத்தோடு கூடி மண்துகள்களைக் கட்டிப்போடுகிறது. சிப்பியின் ஓடும் இதே பொருள்தான். காற்றை வாங்கி இறுகும் நம் சுண்ணாம்பும் கடைசியில் இதுவாகத்தான் ஆகிறது. ஆனால் சிப்பி ஓட்டுக்குள் வாழ்கிறது. பாக்டீரியாவின் மேலேயே படிவு ஏறி, அதை மூடி, சாகடிக்கிறது. இது தெரிந்தே நடக்கிற காரியம்.

பாலம் கட்டினால் பலி கேட்கும் என்று சிறுவயதில் பயமுறுத்துவார்கள். வெறும் புரளிதான், ஆனால் அதில் ஒரு நடுக்கம் இருந்தது. இப்போது பலி நிஜம், நடுக்கத்தைக் காணோம்.

பாக்டீரியாவுக்காக அழச் சொல்லவில்லை. தினமும் மோர்சாதம் சாப்பிடுகிறவன் அதைச் சொன்னால் கேலிக்கூத்து. வலியை உணர அதற்கு நரம்பில்லை என்பார்கள், சரி. பட்டுப்புழுவுக்கு நரம்பு உண்டே? அதைக் கொதிநீரில் போட்டு எடுத்த இழையில்தானே கல்யாணம் நடத்துகிறோம்? நரம்பு என்பது பிற்பாடு தேடிக்கொண்ட நியாயம் என்றே எனக்குப் படுகிறது. முதலில் தீர்மானிப்பது உருவத்தின் அளவு. வங்கியில் வட்டி போடும்போது ஐம்பது பைசாவுக்குக் குறைந்ததைத் தள்ளிவிடுவோம். கணக்குக்கு அது சௌகரியம், தப்பில்லை. உயிர் விஷயத்தில் இந்தக் கோடு ஒரே இடத்தில் நிற்பதில்லை, மேலே ஏறுகிறது. முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் குழந்தைகளோடு சூளையில் கிடந்து செங்கல் அறுத்தவர்களையும் இப்படித் தள்ளித்தானே நம் வீடுகளைக் கட்டினோம்?

இந்தக் கல்லுக்குச் சூளை வேண்டாம் என்று படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அது அவர்களை நினைத்து வந்த நிம்மதி. அந்த நேரத்தில் பாக்டீரியாவின் நினைவு எனக்கு ஒரு கணமும் வரவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.